கிரைண்டர் வாங்கப் போய்த் தக்காளி அரைத்த கதை

மலேசியாவில், கிள்ளானில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பதினாறு மேசை. காலையில் தோசை, மதியம் வாழையிலைச் சோறு, மாலையில் வடையும் தேநீரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் எங்கள் கிரைண்டரின் கல் தேய்ந்து, மாவில் மணல் கடிபட ஆரம்பித்தது. "கிரைண்டர்னா கோயம்புத்தூர்தான், நேரில் போய்ப் பார்த்து வாங்கு" என்று சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, "நாலு நாளில் வந்துடுவேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். திரும்பி வரப் பதினாலு நாளுக்கு மேல் ஆனது.

திங்கட்கிழமை காலை, கோயம்புத்தூரின் கணபதி பகுதியில் இருந்த பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய மரியாதையும் உள்ளவர். சாய்க்கும் கிரைண்டர் ஒன்றைக் காட்டினார். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நான் கேட்ட அளவுக்குக் கல் இல்லை.

"கொத்தித்தானுங்க குடுக்கணும். பத்து நாளாகுமுங்க."

"பத்து நாள் நான் எங்கே தங்குறது?"

"அட, ஊடு இல்லீங்களா! லாட்ஜுல எதுக்குங்க தனியாக் கெடக்கறீங்க? சுந்தராபுரத்துல என்ற தங்கச்சி இருக்குது, அங்க போயிருங்க."

நான் சரி என்பதற்குள் என் பெட்டி பட்டறையின் டெம்போவில் ஏறிவிட்டது.

தங்கையின் பெயர் ரங்கம்மாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கணவர் நாராயணசாமி ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். வீட்டுக்குள் இருவரும் தெலுங்கு பேசினார்கள், என்னோடும் தெருவோடும் கோயம்புத்தூர்த் தமிழ். எட்டு வீடுகள் ஒட்டி நின்ற தெரு அது. அன்று மாலைக்குள் எட்டு வீட்டுக்கும் நான் 'மலேசியாக்காரம்மா' ஆகிவிட்டேன்.

மறுநாள் பசியாற என்ன தருவார்களோ என்று ஆவலோடு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் காலை உணவைப் பசியாறுதல் என்றுதான் சொல்வோம். ரங்கம்மாளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய், நான் இருந்த நாளெல்லாம் "பசியாறலாமுங்களா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். வந்தது கம்மங்கூழ், ஒரு பெரிய சொம்பு நிறைய. கூடவே சின்ன வெங்காயம், மோர்மிளகாய். பாதிதான் குடிக்க முடிந்தது. மீதியைக் கொட்டிவிட்டுச் சொம்பைக் கழுவலாம் என்று சமையலறையில் குப்பைக்கூடையைத் தேடினேன்.

குப்பைக்கூடையே இல்லை.

கதவுக்குப் பின்னால், அடுப்புக்குக் கீழே, கொல்லையில் எல்லாம் பார்த்தேன். ரங்கம்மாள் சொம்பை மெல்ல வாங்கி, மூலையில் இருந்த மண்பானையில் ஊற்றினார். அரிசி களைந்த தண்ணீர், வாழைப்பழத்தோல், அவரைக்காய் நார் எல்லாம் அதில் கிடந்தன. மூன்றாம் வீட்டில் ஒரு எருமை இருந்தது. காலையில் பால் கொண்டுவரும் அம்மாள் போகும்போது இந்தப் பானையைச் சாய்த்து எடுத்துப்போவார். பால் இந்தப் பக்கம், கழனித்தண்ணீர் அந்தப் பக்கம். தேங்காய்ச் சிரட்டை வெந்நீர் அடுப்புக்கு. எண்ணெய் வாங்கச் செக்கடிக்குத் தூக்குப்போசி, அதாவது மூடி போட்ட தூக்குப் பாத்திரம், போகும், மளிகைக்குத் துணிப்பை போகும்.

எங்கள் கடையில் தினமும் இரண்டு பெரிய தொட்டி நிறையச் சோறும் கறியும் குப்பைக்குப் போகும். தேநீரைக்கூடப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுப்போம். இருபது வருடமாக அதை நான் பார்க்கவே இல்லை. குப்பைக்கூடை இல்லாத ஒரு வீட்டில் கையில் அரைச் சொம்புக் கூழோடு நின்றபோதுதான் தெரிந்தது. மனதைச் சுட்டது என்னவோ உண்மை. ரங்கம்மாள் மறுநாள் எனக்கு அரைச் சொம்பு மட்டும் வைத்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை. தேங்காயும் வெல்லமும் வாங்க ரங்கம்மாள் கிளம்பினார், நானும் தொற்றிக்கொண்டேன். மதியத்துக்கு ஒரு போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறு. அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் ஒன்றாக வெந்து நெய்யில் மணக்கும் சோறு அது. மூடியைத் திறக்காமலேயே பஸ் முழுக்க மணந்தது. முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கிணத்துக்கடவு தாண்டியதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் கீழே குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எறங்கிக்குங்க சாமி, வண்டி இன்னைக்கு வராதுங்க. பின்னால வர்ற வண்டியில ஏத்தி உடறேன்."

எங்கள் ஊரில் பஸ் பழுதானால் பயணிகள் கத்துவார்கள். இங்கே எல்லோரும் "பரவால்லீங்க" என்று இறங்கிப் புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள். நாங்கள் கொஞ்ச தூரம் நடந்தோம். அங்கேதான் அந்தத் தக்காளியைப் பார்த்தேன்.

ரோட்டோரப் பள்ளத்தில் ஒருவர் பெட்டி பெட்டியாகத் தக்காளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அழுகியது அல்ல. கன்னம் போலச் சிவந்த, அன்று காலை பறித்த பழங்கள். நாலைந்து ஆடுகள் தின்ன முடியாமல் தின்றுகொண்டு நின்றன. எதிர்ப்பக்கம் ஒரு கல்லில் அவர் மனைவி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, இப்படிக் கொட்டறீங்களே?" என்றார் ரங்கம்மாள்.

அவர் எங்களைப் பார்க்காமலே பதில் சொன்னார். "மண்டிக்குக் கொண்டுபோனா வண்டி வாடகைக்கே ஆகலீங்க. திருப்பிக் கொண்டாந்து ஊட்டுல வெச்சு என்ன பண்றதுங்க?"

கல்லில் இருந்த அம்மாள் எழுந்து வந்தார். பழனியம்மாள் என்று பெயர். கணவர் சின்னச்சாமி. "இன்னும் மூணு பறிப்பு காட்டுல நிக்குதுங்க. செவ்வாக்கெழமை செம்மறிப் பட்டியை உட்டு மேச்சுப்போடறேன்னு சொல்றாரு. புள்ளையாட்டம் தண்ணி கட்டி வளத்தமுங்க. அவருகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் பேசறதில்லை."

"அவகிட்ட கேளுங்க, வேற வழி இருந்தாச் சொல்லட்டும்" என்றார் சின்னச்சாமி, எங்களிடம்.

காலையிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை, சாப்பிடவும் இல்லை. ரங்கம்மாள் புளியமரத்தடியில் உட்கார்ந்து போசியைத் திறந்துவிட்டார். அந்த மணத்துக்கு முன்னால் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும்? நாலு பேரும் சாப்பிட்டோம். தட்டு இல்லாததால் பழனியம்மாளும் சின்னச்சாமியும் ஒரே மூடியில் சாப்பிட வேண்டியிருந்தது. பாதியில் அவர், "நெய் எச்சாவே ஊத்தியிருக்குது, நல்லா இருக்குது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பழனியம்மாள், "ஆமா" என்றார். சமாதானம் ஆகிவிட்டது.

நான் ஒரு பழத்தைத் துடைத்துக் கடித்தேன். எங்கள் ஊர்ச் சந்தையில் வாங்கும் தக்காளி மலையிலிருந்து காயாகவே பறித்து வரும், நிறம் இருக்கும், ருசி இருக்காது. இது இனித்துப் புளித்தது. கடைக்காரப் புத்தி விழித்துக்கொண்டது.

"எனக்கு இரண்டு சாக்கு வேணும். நான் தொக்கு கிண்டிக் காட்டுறேன்."

பழனியம்மாள் காசு வாங்க மறுத்துவிட்டார். "கொட்டறதுக்குக் காசுங்களா?" பொள்ளாச்சிச் சந்தையை மறந்து, இரண்டு சாக்குத் தக்காளியோடு திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். சாக்கின் அடியிலிருந்து ஒழுகிய சாற்றில் ஒருவருடைய வேட்டி நனைந்துபோனது. அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார், கால் நீட்டி உட்கார்ந்ததற்காக!

வெள்ளிக்கிழமை தெருவே கூடிவிட்டது. யாரோ கல்யாண அண்டா கொண்டுவந்தார்கள். முந்நூறு பேருக்குச் சமைத்த கை இது என்ற பெருமையோடு நான் கரண்டியைப் பிடித்தேன். தக்காளியை வேகவைத்தேன், தண்ணீர் கொஞ்சம் சேர்த்தேன், உப்பை எங்கள் வாடிக்கையாளர் வாய்க்குத் தகுந்தபடி குறைத்தேன், எண்ணெயைச் சிக்கனமாக விட்டேன். எட்டு வீட்டுப் பெண்களும் கைகட்டிப் பார்த்தார்கள். ரங்கம்மாள் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

"என்ன சொன்னீங்க?"

"சும்மாங்க, உப்பு தீர்ந்துபோச்சுன்னு."

தொக்கு அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். ஜாடிகளில் நிரப்பி வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தேன். சனிக்கிழமை அந்தப் பெருமையோடு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்க் கணவரிடம் அளந்தேன்.

திங்கட்கிழமை காலை ரங்கம்மாளின் அலமாரியில் 'டப்' என்று ஒரு சத்தம். ஜாடியின் மூடி எழும்பியிருந்தது. தொக்கு நுரைத்துப் பொங்கி அலமாரிக் காகிதத்தில் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் பூஞ்சை. அதற்கு அடுத்த வீட்டில் என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு விடிவதற்கு முன்பே புதைத்துவிட்டார்கள். என் ஊரில் தொக்கைக் குளிர்பெட்டியில் வைப்பேன். இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் குளிர்பெட்டி கிடையாது. சமைக்கும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு சாக்கு நல்ல பழம். பள்ளத்தில் கொட்டியிருந்தால் ஆடாவது தின்றிருக்கும். நான் அதற்கு எண்ணெயும் விறகும் செலவழித்துக் கெடுத்துவிட்டேன். கொல்லையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். நாராயணசாமி ஷிப்ட் முடிந்து வந்து, என்னைப் பார்த்ததும் மனைவியிடம், "இப்பவாவது சொல்லு" என்றார், எனக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே.

ரங்கம்மாள் தலைகுனிந்து சொன்னார். "அன்னைக்குத் தெலுங்குல, 'இது மூணு நாள் தாங்காது'ன்னுதானுங்க சொன்னேன். எங்க பக்கம் தக்காளியை உப்புல ஊறவெச்சு, வெயில்ல காயப்போட்டு, அப்புறந்தான் அரைப்போம். ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. வருசம் முழுக்கக் கெடாதுங்க."

"தெரிஞ்சே ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீங்க கடை வெச்சிருக்கறவங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பரை, விருந்தாளிங்க. எப்படிங்க சொல்றது?"

"எட்டு வீட்டுக்கும் தெரியுமா?"

"தெரியுமுங்க."

கோபம் வந்தது. பிறகு அந்த எட்டுப் பேரும் கைகட்டி நின்று, "அருமைங்க, அருமைங்க" என்றது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. மரியாதையால் ஒரு அண்டாத் தக்காளி கெட்டுப்போன ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். "இனிமேல் நான் தப்புப் பண்ணினால் உடனே சொல்லணும்" என்று சத்தியம் வாங்கினேன். ரங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நாளைக்குச் செவ்வாய்க்கெழமைங்களே. தக்காளிக் காட்டுல பட்டியை உட்டுப்போடுவாரு. போலாமுங்களா?"

பட்டறை டெம்போ மறுநாள் பொள்ளாச்சிக்கு ஒரு கிரைண்டர் ஏற்றிப் போவதாக இருந்தது. திரும்பும்போது காலியாகத்தான் வரும். தெருவில் ஐந்து பெண்கள் வருகிறோம் என்றார்கள். கிரைண்டருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்துகொண்டோம்.

நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டுக்காரர் ஒருவர் ஓட்டிவந்த செம்மறிகள் வாய்க்கால்வரை வந்துவிட்டிருந்தன. பழனியம்மாள் வரப்பின் குறுக்கே நின்றிருந்தார். சின்னச்சாமி வேலியில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெம்போவிலிருந்து நாங்கள் குதித்ததைப் பார்த்து ஆடுகளே ஒரு நிமிடம் நின்றுவிட்டன.

"அந்தத் தொக்கு என்னாச்சுங்க?" என்றார் பழனியம்மாள்.

"கெட்டுப்போச்சு" என்றேன். "அதனாலதான் வந்தோம்."

சின்னச்சாமிக்கு நம்பிக்கை வரவில்லை. "எத்தனை பெட்டி வேணுமுங்க?"

"டெம்போ கொள்ளறதெல்லாம்" என்றார் ரங்கம்மாள். "சும்மா வேண்டாமுங்க. எட்டு ஊட்டுலயும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கொண்டாந்திருக்கறோம். வாங்கலீன்னா ஆட்டுக்கே உட்டுருங்க."

சின்னச்சாமி மனைவியைப் பார்த்தார். மனைவி வரப்பிலிருந்து நகர்ந்து, ஒரு கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அன்று மதியம்வரை பறித்தோம். பழுத்துக் கெட்டியாக இருப்பது எங்களுக்கு, வெடித்தது ஆட்டுக்காரருக்கு. ஆட்டுக்காரருக்கும் குறையில்லை, அவர் ஆடுகளுக்குக் காலிச் சோளக்காடு ஒன்றைச் சின்னச்சாமி காட்டிவிட்டார். எனக்கு இடுப்பு நிமிரவில்லை. பதினாறு மேசைக்கு நின்று பரிமாறுகிறவள் நான், அரை ஏக்கர் தக்காளி என்னைப் படுக்கவைத்துவிட்டது.

அதன்பிறகு நான் எடுபிடி மட்டுமே. நறுக்கு என்றால் நறுக்கினேன். உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசிறி இரண்டு நாள் ஜாடியில் வைத்தோம். வியாழக்கிழமை பிழிந்து எடுத்து, எட்டு வீட்டு மொட்டைமாடியிலும் வேட்டி விரித்துப் பரப்பினோம். இறங்கிய சாற்றிலேயே புளியை ஊறப்போட்டார்கள். காக்கைக்குக் காவல் நான். மூன்று நாள் குடையும் கம்புமாக மாடிமேல் உட்கார்ந்து, தக்காளி காய்வதற்கு முன்னால் நான் காய்ந்தேன். ஈரக்கையோடு ஜாடியைத் தொட்டபோது, ஒரு பெண் பாய்ந்துவந்து, "கையைத் தொடைங்க!" என்று அதட்டிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். என் கிரைண்டர் தயாராகிப் பளபளவென்று நின்றது. அதிலேயே அரைக்கலாம் என்றேன். மீசைக்காரர் பதறிவிட்டார். "மொதமொத மொளகாயப் போட்டீங்கன்னா, அப்புறம் உங்க கடை இட்லி ஆயுசுக்கும் செவப்பாத்தான் வருமுங்க!" வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டும் பழைய கிரைண்டர் ஒன்றைக் கொடுத்தார். கல் சுற்றச் சுற்ற, வெந்தயமும் காய்ந்த மிளகாயும் தக்காளியுமாகப் பட்டறை முழுக்கத் தும்மியது. லேத்தில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு வாய்ச் சோறு கேட்டு வந்தார்கள். நல்லெண்ணெயில் தாளித்து ஜாடியில் அடைத்து, மேலே ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கும்படி விட்டார் ரங்கம்மாள்.

கிள்ளானுக்கு வந்து என்ன மாற்றினாய் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. எங்கள் ஊரில் தினமும் மாலையில் மழை. வெயிலை நம்பி எதையும் காயவைக்க முடியாது, குளிர்பெட்டி இல்லாமல் கடை நடக்காது. இலையில் முதலில் குறைவாக வைத்து, கேட்கக் கேட்க வைக்கச் சொன்னேன். குப்பைக்குப் போன இரண்டு தொட்டி அரைத் தொட்டி ஆனது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவதை நிறுத்தினேன். அன்று எது மிஞ்சிக் குவிந்து கிடக்கிறதோ அதைப் பார்த்துச் சமையல் தீர்மானித்தேன். என் கணவர் ஒரு வாரம் முணுமுணுத்தார். வெண்டைக்காய் குவிந்த வாரத்தில் வாடிக்கையாளர்களும் முணுமுணுத்தார்கள். தேநீர் ஊற்றிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பையை இன்றுவரை என்னால் முழுதாக ஒழிக்க முடியவில்லை.

ஆனால் நான் சொல்ல விரும்புவது நான் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி.

முதல் பஸ்ஸில் பழனியம்மாள் வந்து இறங்கினார். பின்னால் சின்னச்சாமி, தலையில் ஒரு கூடை, கையில் ஒரு கூடை. தக்காளி, கத்தரிக்காய், ஒரு கட்டுக் கீரை. வாரம் ஒரு நாள் நேராக எங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள் என்று ரங்கம்மாள் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டிருந்தார். எட்டு வீட்டுப் பெண்களும் துணிப்பையோடு சுற்றி நின்றார்கள்.

"வெலை சொல்லுங்கம்மணி" என்றார் ரங்கம்மாள்.

பழனியம்மாள் முந்தானையைத் திருகினார். "நீங்களே பாத்துக் குடுங்க."

"அதெப்படிங்க? உங்க சரக்கு, நீங்கதான் சொல்லோணும்."

"இல்லீங்க, நீங்க சொல்லுங்க."

இது இந்த ஊர் மரியாதை, கொஞ்ச நேரம் நடக்கும் என்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஆனால் பழனியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அது மரியாதை இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சின்னச்சாமி மெதுவாகச் சொன்னார்: "நாங்க வெலை சொன்னதே இல்லீங்க. மண்டியில அவங்க சொல்லுவாங்க, நாங்க கேட்டுக்குவோம். எங்கப்பன் காலத்துலருந்தே அப்படித்தானுங்க."

பழனியம்மாள் கூடையைப் பார்த்தார். தக்காளி ஒன்றை எடுத்துத் துடைத்தார், திரும்ப வைத்தார். பிறகு ஒரு விலை சொன்னார். முணுமுணுப்பாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட அரைமணி நேரம் பேரம் பேசும் ரங்கம்மாள் இடுப்பில் கைவைத்தார். "கட்டாதுங்க."

பழனியம்மாளின் முகம் வாடியது. "கொறச்சுக்கறேனுங்க..."

"உங்களுக்குக் கட்டாதுன்னு சொல்றேன். பஸ் சார்ஜ் இல்லீங்களா? ரெண்டு பேரு நாள் கூலி இல்லீங்களா? ஏத்திச் சொல்லுங்க."

"ஏத்துங்க, ஏத்துங்க" என்றார்கள் மற்றவர்கள்.

பழனியம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் ஈரமாக இருந்தது. பழனியம்மாள் நிமிர்ந்தார். இன்னொரு விலை சொன்னார். இந்தத் தடவை அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.